தண்ணீர் முறையும் பிள்ளை முறையும்

நன்னிலத்தைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே ரயில் பாதையும் தார்ச்சாலையும் குறுக்கிடுகிற இடத்தில் ஒரு கேட் இருக்கிறது. அதை மூடித் திறக்கிற வேலை செவ்வந்திக்கு. காலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தால், மாலை ஆறு மணிக்கு அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும் வரை நகர முடியாது. ஸ்டேஷனிலிருந்து போன் வரும். கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். ரயில் கடக்கும்போது கொடியோடு வாசலில் நிற்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் சம்பளம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாதே, அதுதான் கஷ்டம் என்று செவ்வந்தி சிரித்தபடி பதில் சொல்வாள்.

அவளுடைய அப்பா தம்புசாமியும் மாமனார் வீரையனும் பிறர் வயலில் நாற்றுப் பறித்தும் அறுப்பறுத்தும் வளர்ந்தவர்கள். பாடுபட்டு ஆளுக்குக் கொஞ்சம் சொந்த நிலம் சேர்த்தார்கள். இரண்டு வீட்டிலும் சேர்த்து, மாதம் பிறந்தால் சம்பளம் என்று முதன்முதலில் வாங்கியது செவ்வந்திதான். பரீட்சை எழுதி, ஓட்டப் பந்தயத்தில் ஓடி வாங்கிய வேலை. கணவன் பரிதி அறுவடை மிஷின் ஓட்டுகிறான். இங்கே அறுப்பு ஓய்ந்தால் மிஷினோடு ஆந்திராவுக்குப் போய்விடுவான். கையில் பணம் வரும்போது நிறைய வரும். வராத மாதங்களில் வீட்டை நிறுத்துவது கேட் சம்பளம்தான்.

மகள் சுடர்விழி பிறந்து, பேறுகால விடுப்பு முடிந்ததும் சிக்கல் வந்தது. மாமியார் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். செவ்வந்தி தன் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா திருப்பூரில் அண்ணன் வீட்டில் இருந்தார்.

"ஒனக்கு முன்னாடியே ஒங்கண்ணன் சொல்லிவச்சுட்டான்டி. இங்க ரெண்டு உருப்படி இருக்கு. நான் ஒருத்தி எத்தன துண்டா ஆவுறது?" என்றார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று ஊருக்குள் இருந்தது. ஒன்பது மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடுவார்கள். ரயில் ஒன்பது மணிக்கா முதலில் வருகிறது? பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மாளை ஏற்பாடு செய்தாள். ஒருநாள் அந்த அம்மாள் வரவில்லை. வேறு வழியில்லாமல் பிள்ளையைக் கேட் அறைக்கே தூக்கிப் போனாள். தூளி கட்டிப் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மேலதிகாரி அரவிந்தன் பைக்கில் வந்து இறங்கினார்.

அவர் கத்தவில்லை. தூளியையும் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தையும் பார்த்தார்.

"போன் அடிக்கிறப்ப பாப்பா அழுதா மொதல்ல எத பாப்பீங்கம்மா?"

செவ்வந்தி பிள்ளையைத் தூளியிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

"இந்தத் தடவ நான் பாக்கல. இன்னொரு தடவ பாத்தா எழுதித்தான் ஆகணும்."

எழுதினால் வேலை நிலைக்காது. அன்று சாயங்காலம் பரிதிக்குப் போன் போட்டு, வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். பரிதி உடனே தன் அப்பாவுக்குப் போன் போட்டான். மறுநாள் முதல் பஸ்ஸில் வீரையன் வந்து இறங்கினார். கையில் ஒரு வயர் கூடை, அதில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு.

"புள்ளைய எப்புடித் தூக்கணும்னு மட்டும் காட்டிடும்மா. மத்தத நான் பாத்துக்குறேன்."

"இவங்களத் தூக்குனதே இல்லியா மாமா நீங்க?"

"பரிதியையா? அப்ப ஏது நேரம். நான் வயலுக்குக் கெளம்புறப்பவும் தூங்குவான், வர்றப்பவும் தூங்குவான். ரொம்ப நாளைக்கு அவன நான் படுத்த வாக்குலதான் பாத்திருக்கேன்."

ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். பால் சூட்டைப் புறங்கையில் விட்டுப் பார்ப்பது, ஈரத் துணி மாற்றுவது, பருப்புச் சோற்றை விரலால் மசிப்பது எல்லாம் வந்துவிட்டது. செவ்வந்தி கேட்டுக்குப் போய் உட்கார்ந்தால் மனம் வீட்டுக்கு ஓடுவது நின்றது. அதுவரை போன் அடித்தால் திடுக்கென்று எழுந்திருப்பாள். இப்போது நிதானமாக எடுத்தாள்.

இதைக் கேள்விப்பட்ட தம்புசாமிக்குப் பொறுக்கவில்லை. போனில் மகளிடம் குதித்தார்.

"ஒங்க மாமனாருக்கு மட்டுந்தான் பேத்தியா? எனக்கென்ன கையி முடமா?"

"நீங்களும் வாங்கப்பா. யாரு வேணாம்னா?"

"அதான, தலமடக்காரங்க எதத்தான் விட்டுக்குடுத்திருக்காங்க!"

இந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. வீரையனின் ஊரும் தம்புசாமியின் ஊரும் ஒரே வாய்க்காலில் பாசனம். வீரையனின் ஊர் மேலே, தலைமடை. தம்புசாமியின் ஊர் வாய்க்கால் முடிகிற இடம், கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். ஒரு வாரம் மேலே உள்ளவர்களுக்கு, மறு வாரம் கீழே உள்ளவர்களுக்கு. மேலே இருப்பவர்கள் தங்கள் முறை முடிந்த பிறகும் கொஞ்சம் திருடுவார்கள் என்று கீழே உள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். செவ்வந்தியின் கல்யாணப் பந்தியில்கூட, "கடமடைக்கும் ரசத்தக் கொஞ்சம் விடுங்கப்பா, வழியிலயே தீந்துடப் போவுது" என்று தம்புசாமி குரல் கொடுத்தவர்தான்.

அந்த ஆண்டு ஆவணியில் தண்ணீர் குறைந்து முறை வைத்தார்கள். இரண்டு தாத்தாக்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். யார் ஊரில் தண்ணீர் ஓடுகிறதோ அவர் வயலில் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத ஊர்க்காரர் வந்து செவ்வந்தி வீட்டில் தங்கிப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடையாது என்று இருவரும் சொன்னார்கள். சம்பந்திகள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

இரண்டு மூன்று முறை சிரமமில்லாமல் நடந்தது. ஆள் மாறுகிற வெள்ளிக்கிழமை செவ்வந்திக்கு ஓய்வு நாள். காலையில் ஒருவர் போவார், சாயங்காலம் இன்னொருவர் வருவார். நடுவில் அவளே வீட்டில் இருந்ததால், இடைவெளி ஒன்று இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் கூட வேலை பார்க்கும் பிரபுவின் மனைவிக்குப் பிரசவம். பிரபு விடுப்பில் போனதால் வெள்ளிக்கிழமையும் செவ்வந்திக்கு வேலை விழுந்தது. அப்போது வீட்டில் இருந்தவர் வீரையன். வெள்ளிக்கிழமை அவர் ஊருக்குத் தண்ணீர் திரும்புகிறது. அவர் வயலுக்கு அன்று ஒருநாள்தான் பாயும், மறுநாள் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். சம்பா நாற்றங்காலுக்கு அன்றைக்கே டிராக்டர் விட்டுச் சேறடித்து விதைத்தாக வேண்டும். அதற்காக விதைநெல்லைச் செவ்வந்தி வீட்டுக் குளியலறை டிரம்மிலேயே ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, கூடத்து மூலையில் வைத்திருந்தார். மூட்டை கதகதவென்று முளைவிட்டுக்கொண்டிருந்தது. சுடர்விழி போகும்போதும் வரும்போதும் அதன்மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"இது பாருங்க மாமா, ஒங்களுக்கு ரெண்டு புள்ள வளக்குற வேல" என்று செவ்வந்தி கேலி செய்தாள்.

"இந்தப் புள்ள தேவலம்மா. சோறு ஊட்டுனா துப்பாது."

வியாழக்கிழமை சம்பந்திகள் போனில் பேசிக்கொண்டதைச் செவ்வந்தியும் கேட்டாள். "நாளைக்கு மொற மாறுது சம்பந்தி" என்றார் வீரையன். "தெரியும் சம்பந்தி. நாளைக்கு நான் அங்க இருப்பேன்." அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, அப்பா சொன்னதைக் காலையிலேயே என்று எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் செவ்வந்தி கேட்டுக்குப் போனாள். வெயில் ஏறிய பிறகு சாலையில் சைக்கிள் ஒன்று மெதுவாக வந்தது. வீரையன் மிதிக்காமல் தள்ளிக்கொண்டு வந்தார். முன் கம்பியில் கட்டிய சின்ன இருக்கையில் சுடர்விழி.

செவ்வந்தி கேட் அறையின் வாசலுக்கு வந்தாள்.

"என்ன மாமா, அப்பா வரலியா?"

"மொத பஸ்ஸு, ரெண்டாவது பஸ்ஸு, அதுக்கடுத்த மினி பஸ்ஸு எல்லாத்தையும் நின்னு பாத்துட்டேன். ஒங்கப்பாவத் தவிர ஊரே எறங்குது."

"போன் பண்ணீங்களா?"

"அடிக்குது, அடிக்குது, நின்னுடுது."

அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. பிறந்த ஊரில் பக்கத்து வீட்டுச் செந்தில்குமாருக்குப் போன் போட்டாள்.

"ஒங்கப்பாவா? காலையில மம்பட்டியோட வயலுக்குப் போனாரே. நல்லாத்தான் இருந்தாரு. நான் இப்ப திருவாரூர்ல நிக்கிறேன்க்கா."

பயம் போய்க் கோபம் வந்தது. மண்வெட்டியோடு வயலில் நிற்கிறாராம். இங்கே ஒருவர் முளைவிட்ட விதையை வீட்டில் வைத்துவிட்டு நடுரோட்டில் நிற்கிறார்.

"டிராக்டரு வந்து நிக்குதாம். தண்ணி பாயுதாம்" என்றார் வீரையன். "புள்ளையத் தூக்கிட்டே போயிடலாமான்னு பாத்தேன். வரப்புல உக்கார வச்சுட்டு நான் சேத்துல எறங்க முடியுமா? வாய்க்கா நெறையத் தண்ணி. அதான், ஒங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு."

என்ன கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. வாய்விட்டுக் கேட்க மாட்டார் என்பதும் புரிந்தது.

"பாப்பாவ இங்க விட்டுட்டுப் போங்க மாமா. சாயங்காலம் வரைக்குந்தான. நான் பாத்துக்குறேன்."

வீரையன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். போன், கொடிகள், சுவரில் கடிகாரம். பிள்ளையின் பொருள் என்று ஒன்றும் இல்லை.

"அந்த சாரு வந்தா?"

"நான் சொல்லிக்கிறேன்."

"என்னான்னு சொல்லுவ?"

வீரையன் சைக்கிளைத் திருப்பினார்.

"வெத வீணாப் போனா இன்னொரு மூட்டைய ஊறப் போட்டுக்கலாம். நீ பரிச்ச எழுதி வாங்குன வேலைய எந்த டிரம்முலம்மா ஊறப் போடுறது?"

அவள் மேலே பேசுவதற்குள் உள்ளே போன் அடித்தது. கேட்டை இறக்கிப் பூட்டி, பதில் சொல்லி, கொடியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மாவைப் பார்த்துவிட்ட சுடர்விழி இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தினாள். வீரையன் துண்டை எடுத்து அவள் தலையில் முண்டாசு கட்டி, "இந்தா பாரு, நாட்டாம வந்தாச்சு" என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிப் போனார். அழுகைச் சத்தம் ரயில் சத்தத்தில் மறைந்தது. ரயில் போன பிறகு சாலை காலியாக இருந்தது.

நடுப்பகலுக்குப் பிறகு அரவிந்தன் வந்தார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர் இல்லை. கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்தார், கொடிகளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். போகும்போது நின்று கேட்டார்.

"பாப்பா எங்கம்மா?"

"தாத்தாகிட்ட இருக்கு சார்."

"அப்பாவோட அப்பாவா?"

"ஆமா சார். எங்கப்பாவும் மாறி மாறி வந்து பாத்துக்குறாங்க."

"ரெண்டு தாத்தாவா! குடுத்து வச்சவங்கம்மா." ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "எங்க வீட்ல அவங்க டீச்சரா இருந்தாங்க. என்னவிட நல்ல சம்பளம். ரெண்டாவது பையன் பொறந்ததும் விட்டுட்டாங்க. ரெண்டு பக்கமும் வந்து தங்குறதுக்கு ஆளில்ல."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார். பைக் போன பிறகு செவ்வந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா ஒரு சொல் தளர்ந்திருந்தால் இந்நேரம் பிள்ளை இந்த அறையில் தவழ்ந்துகொண்டிருக்கும். தன்னால் தனக்கு மறுக்க முடியாததை அவர் மறுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா மேல் இருந்த கோபம் மட்டும் சாயங்காலம் வரை ஆறவில்லை.

பொறுப்பை மாற்றிக்கொடுத்துவிட்டு அவள் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது, எதிர்ப் பக்கத்திலிருந்து தம்புசாமி வந்தார். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் முறுக்குப் பொட்டலத்தோடு கல்யாண வீட்டுக்குப் போகிறவரைப் போல வந்தார்.

"சரியா வந்துட்டனா?" என்றார் மகளிடம் பெருமையாக.

வாசலில் சுடர்விழியை இடுப்பில் வைத்தபடி நின்ற வீரையன் பதில் சொன்னார்.

"வாங்க சம்பந்தி. ஏன் இவ்ளோ சீக்கிரம்? இன்னும் பொழுதே முழுசாப் போவல."

"என்ன நக்கலு? வெள்ளிக்கெழம மொற மாறுதுன்னு நீங்கதான சொன்னீங்க? வந்துட்டேன்ல?"

"மொற மாறுறது விடியக்காலையில. வாய்க்கா ஷட்டர எறக்குனதும் ஒங்க ஊருக்குத் தண்ணி நின்னு போச்சு. அப்பறம் வயல்ல என்ன வேல ஒங்களுக்கு?"

"எறக்குனா? வாய்க்கால்ல கெடக்குற தண்ணி எங்க போவும்? ஆவியாப் போயிடுமா? அது எங்க ஊருக்குத்தான வந்தாவணும்! பொழுது சாயிற வரைக்கும் ஓடுதுய்யா. அந்தக் கடைசித் தண்ணிதான் நாங்க பாக்குற தண்ணியே. அத விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. ஆயுள் முழுக்க ஒரே வாய்க்காலில் பாய்ச்சியவர்கள். மேலே விடியலில் வந்து சேர்கிற தண்ணீர், கீழே அந்திவரை வடிந்துகொண்டிருக்கிறது என்பதை இரண்டு பேரும் அறிவார்கள். ஆனால் அந்த ஒரு பகலில் இரண்டு ஊரிலும் தண்ணீர் இருக்கிறது, அப்படியென்றால் பிள்ளைக்கு ஆள் இல்லை என்று இருவருமே நினைத்துப் பார்த்ததில்லை.

செவ்வந்தி நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த சண்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"போன ஏன்ப்பா எடுக்கல?" என்று மட்டும் கேட்டாள்.

"சட்டப் பையில வச்சுக் குனிஞ்சா தண்ணியில விழுந்துடுதும்மா. வீட்லயே வச்சுட்டுப் போயிட்டேன். வந்து பாத்தாக்க எத்தன கூப்பாடு! சரி, இங்கதான வரப் போறோம், நேர்லயே பேசிக்கலாம்னு…" என்று இழுத்தவர், கூடத்து மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தார். "அது என்ன, வெதையா?"

தம்புசாமி பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய் வைக்கோலை விலக்கினார். சாக்குக்குள் கையை விட்டார். உள்ளே சூடு. வேர்கள் நீண்டு, ஒன்றோடொன்று பின்னிப் பாயைப் போல ஆகியிருந்தன. பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இனி அதை வீசி விதைக்க முடியாது. விவசாயிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

"இன்னைக்கு வெதச்சிருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றார் வீரையன். "நான் போனா புள்ளையும் வெதையும் ஒண்ணாத்தான் வரணும், இல்லன்னா ரெண்டுல ஒண்ண விடணும். விட்டாச்சு. போவட்டும். வந்து புள்ளைய வாங்குங்க, நடந்து நடந்து இடுப்பு விட்டுப் போச்சு."

தம்புசாமி கையைத் துடைத்துக்கொண்டு பேத்தியை வாங்கிக்கொண்டார். சுடர்விழி அவருடைய வெள்ளைச் சட்டையில் முகத்தைத் துடைத்தாள். அவர் மூட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், வழக்கமான கேலி வரவில்லை.

"சம்பந்தி, நீங்க திரும்ப ஊறப் போட வேணாம்" என்றார் கடைசியில். "அடுத்த மொற வந்து, வெதச்சு, நாத்து வளந்து, எப்ப நடுறது? பம்புசெட்டுத் தண்ணியில நான் நாத்து வுட்டிருக்கேன். ஒங்க வயலுக்கும் பத்தும். நாத்துக்கு வயசானதும் ஏத்திட்டு வரேன்."

"ஒங்களுக்கு?"

"எனக்குப் போவத்தான் சொல்றேன். கடமடக்காரன் எப்பவும் கூடத்தான் நாத்து வுடுவான். நட்டது காஞ்சு போவும், இல்லன்னா மழையில முழுவிப் போவும். ரெண்டாந்தடவ நடுறதுக்கு வேணும்ல? தண்ணிய மேல வச்சுட்டு நிம்மதியாத் தூங்குறவங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போவுது!"

"இப்பத்தான் ஒங்க வாயி வழிக்கு வந்திருக்கு" என்று வீரையன் சிரித்தார். "நான்கூடப் பயந்துட்டேன்."

அன்றைக்கே புது வழக்கம் ஒன்றைச் செவ்வந்தி வைத்தாள். வாய்க்காலில் மடை மாற்றும்போது இரண்டு ஊர் ஆட்களும் கரையில் நிற்பார்கள், ஒருவர் திறந்து கொடுத்த பிறகுதான் மற்றவர் கிளம்புவார். அதையே வீட்டு வாசலிலும் செய்ய வேண்டும். பிள்ளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகாமல் யாரும் பஸ் ஏறக் கூடாது. அந்தப் பகலுக்கு வயலில் தண்ணீர் பாய்ச்ச இரண்டு ஊரிலும் ஓர் ஆளை வைத்துக்கொள்ள வேண்டும், அந்தக் கூலி அவளுடைய சம்பளத்தில். கூலி என்றதும் இரண்டு பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள்.

"என் வேலைய நீங்க காப்பாத்துறீங்க. ஒங்க வேலைய நான் காப்பாத்த வேணாமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு மறுக்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் பகல் ரயிலுக்கு அவள் கேட்டை இறக்கியபோது, சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. பின்னால் நாற்றுக் கட்டுகள், பச்சை பச்சையாக, தண்ணீர் சொட்டச் சொட்ட அடுக்கியிருந்தன. முன் இருக்கையில் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு தாத்தாக்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யார் மடியில் என்று சொல்ல முடியாதபடி இரண்டு மடியிலும் கால் வைத்து நின்றுகொண்டிருந்தாள் சுடர்விழி.

தம்புசாமி தலையை வெளியே நீட்டினார்.

"கேட்டத் தொறம்மா! கடமடையிலேருந்து தலமடைக்கு நாத்துப் போவுது. இந்த அதிசயத்த நிறுத்தலாமா?"

"நிறுத்துவேன்ப்பா. மொத மொற ரயிலுக்கு!"

"பாத்தீங்களா சம்பந்தி, ஒங்க மருமவ சட்டம் பேசுது."

"ஒங்க பொண்ணுதானய்யா!"

ரயில் வந்தது. செவ்வந்தி கொடியை நீட்டிப் பிடித்து நேராக நின்றாள். கடைசிப் பெட்டி போன பிறகு திரும்பிப் பார்த்தாள். வண்டியின் ஜன்னலில் சுடர்விழி ஒரே ஒரு நாற்றைப் பிடித்து, கையை நீட்டி, அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் கீழே விழாமல் இரண்டு பக்கமும் இரண்டு கைகள் பிடித்திருந்தன.

செவ்வந்தி பூட்டைத் திறந்து கேட்டை மேலே ஏற்றினாள்.